நான் மட்டும் போட்ட குளிசை

நயினாதீவு அம்மாளின் அடியார்களே, இதை நான் கோபத்தோடு எழுதுகிறேன். இப்படியான அனுபவங்களை எழுதுகிறவர்கள் கண்ணீரில் தொடங்குவார்கள். என்னுடைய கண்ணீர் போன வைகாசியோடு வற்றிவிட்டது. மிச்சம் இருப்பது கோபம்தான். அதில் முக்கால் பங்கு என்மேல். மற்றக் கால் பங்குக்கு உரியவர்கள் வாசித்துக்கொண்டு போகும்போது தங்களை அறிந்துகொள்வார்கள்.

அன்று காலை எட்டு மணி. திபெத்தில் ஒரு சிறு நகரம், ஒரு விடுதி அறை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு மீற்றர் உயரம். இன்னும் ஒரு நாள் பஸ்ஸில் போனால் மானசரோவர். அதற்கு அடுத்த நாள் கைலாய மலையின் அடிவாரம். என் மனைவி மங்கை கட்டில் விளிம்பில் இருந்து, இடது சப்பாத்தை வலது காலில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்:

"படகு வந்திட்டுதோ?"

நான் சிரித்தேன். இருபத்தேழு வருஷக் குடும்ப வாழ்க்கையில் பகிடி விடுவது என் இலாகா. அவள் விடுவதில்லை. இன்றைக்குத்தான் முதல் தரம் விடுகிறாள், அதுவும் நல்லாய் விடுகிறாள் என்று நினைத்து, முதல் படகு போய்விட்டது, அடுத்ததுக்கு நில்லும் என்று நானும் ஒன்று விட்டேன். அவள் சிரிக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு எழும்பினாள். சுவரைப் பிடிக்கக் கையை நீட்டினாள். சுவர் இருந்தது ஒரு பக்கம், கை போனது இன்னொரு பக்கம்.

அவள் பகிடி விடவில்லை.

நடந்ததை முதலில் இருந்து சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில் மண்கும்பான் ஆள். இருபத்திரண்டு வருஷம் நெடுந்தீவில் எழுதுவினைஞராக வேலை பார்த்தவன். விடிந்தால் குறிகட்டுவானுக்கு பஸ், அங்கிருந்து படகு. படகில் போய்வந்து பழகிய எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதே வாயைக் கட்டிவிடுவோம். தேத்தண்ணி இல்லை, வெறும் தண்ணீரும் இல்லை. நடுக்கடலில் சலம் போக அந்தரப்படக் கூடாது அல்லவா? ஆண்களாவது ஏதோ சமாளிப்போம். என்னோடு படகில் வந்த ரீச்சர்மார் சிலர் பின்னேரம் வீடு திரும்பும்வரை ஒரு மிடறு குடிக்க மாட்டார்கள். இதை நான் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே இதைத்தான் உபதேசம் பண்ணுவேன்.

கைலாய ஆசை மங்கையுடையது. எங்கள் குசினிச் சுவரில் கைலாயப் படம் போட்ட கலண்டர் ஒன்று தொங்குகிறது. வருஷங்கள் மாறியும் அவள் அதைக் கழற்றவில்லை. தேங்காய் துருவும்போதும் அதைப் பார்ப்பாள், என்னோடு கோபம் என்றாலும் அதைத்தான் பார்ப்பாள். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு யாத்திரைக் குழு போகிறது என்று கேள்விப்பட்டதும் என்னைக் கேட்காமலே இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

எனக்கு அன்றே பயம் பிடித்தது. எங்கள் தீவில் உயரம் என்றால் தண்ணீர்த் தாங்கி. அதில் ஒருமுறை பாதி ஏறி, கண்ணை மூடிக்கொண்டு இறங்கியவன் நான். கொரோனாக் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் கருவியைத் தேடி எடுத்து, வீட்டுச் சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டே மணிக்கு ஒரு தரம் பார்த்தேன். எப்போதும் தொண்ணூற்றெட்டு. அது தொண்ணூற்றேழு காட்டிய ஒரு நாள் மங்கையைக் கூப்பிட்டு, காணி உறுதிப் பத்திரம் இருக்கும் இடத்தைச் சொல்லி வைத்தேன்.

பயந்தவன்தானே முதலில் ஓடுவான். நான்தான் அவளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் ஓடினேன். அவர் நல்ல மனிதர். மலை ஏறுகிறவர்களுக்கு என்று ஒரு குளிசை எழுதித் தந்தார். அசிட்டசோலமைட் என்று பெயர். இரண்டு பேருக்கும் வேறு மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாதா என்று விசாரித்தார். காலையில் அரை, பின்னேரம் அரை. ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டும். அது மூச்சை ஆழமாக்கி, உடம்பை உயரத்துக்கு விரைவாகப் பழக்குமாம். விரல் நுனி விறுவிறுக்கும், அடிக்கடி சலம் போகும், அதற்காகப் பயப்பட வேண்டாம், தண்ணீரை மட்டும் விடாதீர்கள் என்றார். கடைசியில் ஒன்று சொன்னார். குளிசை போட்டாலும் தலையிடி வந்தால் மேலே ஏறக் கூடாது. கூடினால் இறங்க வேண்டும். அதற்கு மாற்று மருந்து இல்லை.

எல்லாம் விளங்கியது. ஓம் டொக்டர், ஓம் டொக்டர் என்று தலையாட்டினேன். ஆட்டிய அந்தத் தலையை இப்போது பிடித்துச் சுவரில் மோத வேண்டும் போல இருக்கிறது.

எங்கள் குழுவின் தலைவர் மூன்று தரம் கைலாயம் போய்வந்தவர். பெயர் சொல்ல மாட்டேன். அவர் கள்ளன் இல்லை. தான் சொன்னதைத் தானே நம்புகிறவர். கள்ளனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. காத்மண்டுவில் இருந்து மலைப்பாதையில் எல்லையைத் தாண்டி, கேரூங் என்ற ஊருக்குப் போன நாளில் மங்கைக்காக பஸ்ஸை மூன்று தரம் நிறுத்த வேண்டி வந்தது. குளிசை தன் வேலையைச் செய்தது. ஆண்கள் இறங்கினார்கள், ரோட்டோரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள், ஏறினார்கள். பெண்களுக்கு ஒரு பாறை வேண்டும், குடை வேண்டும், காவலுக்கு இன்னொரு பெண் வேண்டும். பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. மூன்றாம் முறை அவள் ஏறும்போது தலைவர் சொன்னார்:

"அம்மாவுக்கு மலையைவிட மறைவிடம்தான் கூட வேணும் போல."

பஸ் சிரித்தது. எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் நான். மங்கை என் பக்கத்தில் வந்து இருந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, யன்னலைப் பார்த்தாள்.

உயரம் பழகுவதற்காகக் கேரூங்கில் இரண்டு நாள் தங்கினோம். பின்னேரக் கூட்டுப் பிரார்த்தனையில் தலைவர் இன்னொன்று சொன்னார். குளிசை போட்டு மலை ஏறுவது, முதுகில் செடில் முள் குத்தாமல் வெறும் கயிற்றைக் கட்டிக்கொண்டு காவடி எடுப்பது மாதிரியாம். பலர் தலையாட்டினார்கள். இரண்டு பேர் அப்போதே குளிசைகளைக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். ஒரு ஆள் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தார். அவர் பராசக்தி அக்கா. ஊர்காவற்றுறைப் பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக இருந்து ஓய்வு பெற்றவர். பிரார்த்தனை முடிய, தன் போத்தலைத் திறந்து எல்லாரும் பார்க்க ஒரு குளிசையைப் போட்டு, மடக்கு மடக்கென்று தண்ணீர் குடித்தார். நான் அதற்கும் ஒரு பகிடி விட்டேன். என்ன பகிடி என்பது இப்போது நினைவில்லை. நல்லது.

அடுத்த நாள் காலை நான் மங்கைக்குச் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது.

"இஞ்ச பாரும், அந்தக் குளிசையை விடும். தண்ணியும் வேண்டாம். நெடுந்தீவுப் படகெண்டு நினைச்சுக்கொள்ளும்."

"நீங்கள்?"

"நானும் விட்டிட்டன்."

அடியார்களே, அது பொய். குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு, தண்ணீர்க் குழாயைத் திறந்து சத்தம் வைத்துக்கொண்டு, அன்று காலையும் அரைக் குளிசை போட்டேன். பின்னேரமும் போட்டேன். பிறகும் விடாமல் போட்டேன். குழுவுக்கு முன்னால் எனக்கு வெட்கம், தனியே இருக்கும்போது பயம். வெட்கத்தை அவள் தலையில் கட்டிவிட்டு, பயத்துக்கு மருந்தை நான் எடுத்துக்கொண்டேன். இதைவிட அழுக்கான கணக்கு ஒன்றை என் வாழ்நாளில் நான் போட்டதில்லை.

கேரூங்கில் இருந்து மேலே போகும் வழியில் ஒரு கணவாய் வருகிறது. ஐயாயிரம் மீற்றருக்கு மேல். அதில் ஏறி மறுபக்கம் இறங்கினால்தான் அந்தச் சிறு நகரம். கணவாயில் மங்கைக்குத் தலையிடி தொடங்கியது. வாய் திறக்காதையும், தெரிந்தால் எங்களை இறக்கிவிடுவார்கள் என்று சொல்லி, சாதாரணத் தலையிடிக் குளிசை இரண்டைக் கொடுத்தேன். எங்களோடு வந்த நேபாள வழிகாட்டி தாவா, தமிழ் யாத்திரிகர்களிடம் பொறுக்கிய நாலு சொல்லை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் "தண்ணி குடி அம்மா, தண்ணி குடி ஐயா" என்று சொல்லிக்கொண்டு வந்தான். மங்கை போத்தலை வாய்க்குக் கொண்டுபோய், குடிக்காமல் மூடிவைத்தாள். நான் சொன்னபடி நடந்தாள். விடுதிக்கு வந்ததும் சத்தி எடுத்தாள். பயணக் களைப்பு என்றேன். படுத்தாள். நானும் அம்மாளைக் கும்பிட்டுவிட்டுப் படுத்தேன். எப்படியாவது இவளின் தலையிடியை மாற்றி மலையைக் காட்டிவிடு தாயே என்று கும்பிட்டேன்.

அதற்கு அடுத்த காலையில்தான் அவள் படகைக் கேட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு சப்பாத்தோடு ஓடினேன். விறாந்தையில் இந்தப் பக்கம் ஓடி, அந்தப் பக்கம் ஓடி, பராசக்தி அக்காவின் அறை என்று நினைத்து ஒரு சீனக்காரரின் அறைக் கதவைத் தட்டி, அவரைப் பார்த்துத் தமிழில் அழுதேன். கடைசியில் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து, ஒட்சிசன் கருவியை மாட்டி, எண்பத்தாறு, எண்பத்தாறு, பயப்பட ஒன்றுமில்லை என்று கத்தினேன். அக்கா என் கையைப் பார்த்தார்.

"தம்பி, அது உம்மட விரல்."

கருவியைக் கழற்றி மங்கையின் விரலில் மாட்டினார். அறுபத்தொன்று. எனக்கு எண்பத்தாறு, அவளுக்கு அறுபத்தொன்று. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வந்தவர்கள், ஒரே சோற்றைச் சாப்பிட்டவர்கள். ஏன் இந்த வித்தியாசம் என்று அந்த அறையில் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அக்கா மங்கையின் தோளைப் பிடித்து, நிலத்தில் பதித்த கல்லின் விளிம்பைக் காட்டினார். "பிள்ளை, இந்தக் கோட்டில, குதிக்காலுக்கு முன்னால மற்றக் காலை வைச்சு நடவும் பாப்பம்." மங்கை இரண்டு அடி வைத்தாள். மூன்றாவது அடியில் சாய்ந்தாள். அக்கா தாங்கிக்கொண்டார். மூளை வீங்கத் தொடங்கிவிட்டது, இறக்க வேண்டும், இன்றைக்கே, இப்போதே என்றார்.

தாவா ஒட்சிசன் சிலிண்டரைக் கொண்டுவந்தான். அக்கா தன் பையில் இருந்து இன்னொரு குளிசை மட்டையை எடுத்தார். டெக்ஸாமெத்தசோன். அவரும் ஊரில் டொக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி, எப்போது எவ்வளவு என்று தாளில் குறித்துக்கொண்டு வந்திருக்கிறார். தாவாவின் தொலைபேசியில் காத்மண்டு டொக்டர் ஒருவரோடு பேசி உறுதிப்படுத்திவிட்டுத்தான் கொடுத்தார். மங்கை விழுங்கினாள். அவளுக்கு அது என்ன என்று தெரியாது. என்னை ஒரு தரம் பார்த்தாள். குளிசை போடலாமோ என்று என்னைக் கேட்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் சாகும்வரை சுமக்க வேண்டும்.

தலைவர் வந்தார். குழு முழுவதுக்கும் ஒரே விசாத் தாள், பிரிந்து போவது சிக்கல், ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றார். மலையான் சோதிக்கிறான் என்றார். ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு இன்னொரு சங்கடம் வந்தது. மங்கை கொஞ்சம் தெளிந்தாள். என் பெயரைச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாயிற்றோ என்று கேட்டாள். தலைவரின் முகம் மலர்ந்தது. பாருங்கோ, இரங்கிவிட்டான், ஏற்றுங்கோ பஸ்ஸில் என்றார்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மனமும் அப்படித்தான் பாய்ந்தது. நான் கும்பிட்டபடியே நடக்கிறது, தலையிடி மாறுகிறது, மலையும் கிடைக்கப்போகிறது என்று. பராசக்தி அக்கா வாசலில் குறுக்கே நின்றார்.

"இந்தக் குளிசை ஏறுறதுக்கு இல்லைத் தம்பி. இறங்கிறதுக்கு. இது வீக்கத்தைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்துக்குள்ள நீர் இறக்கவேணும். மேல கொண்டு போனீரெண்டால் ஆளைக் கொண்டு திரும்பமாட்டீர்."

இறங்குவதிலும் ஒரு கொடுமை இருந்தது. கீழே போக வேண்டும் என்றால் முதலில் அந்தக் கணவாயில் ஏற வேண்டும். வேறு ரோட்டு இல்லை. வாகனமும் இல்லை. குழுவுக்கு இருந்தது ஒரே பஸ்.

நான் விடுதி முற்றத்துக்குப் போனேன். வெய்யில் எறித்தது, காற்று அறைந்தது. மேற்குப் பக்கம் கைலாயம் என்று முதல் நாள் காட்டியிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெற்குப் பக்கம் பார்த்தேன். அங்கேதான், எத்தனையோ மலைக்கும் கடலுக்கும் அப்பால், நயினாதீவு. கை கூப்பவில்லை. திட்டினேன். வாய்விட்டுத் திட்டினேன்.

"உன்ர மனிசன்ர வீட்டுக்குத்தானேயடி அம்மா வந்தனாங்கள். வந்த இடத்தில என்ர மனிசியை விழுத்திப்போட்டியே. அவர் பொய் சொன்னவர் எண்டால் அவரைப் பிடி. அவளை ஏன் பிடிக்கிறாய்? எனக்கு மலை வேண்டாம். ஒரு மலையும் வேண்டாம். ஆளைத் தா. அவளைக் கீழ கொண்டு போக ஒண்டைத் தா."

என்னை நானே 'அவர்' என்று சொன்னது பிறகுதான் விளங்கியது. 'நான்' என்று சொல்ல அப்போதும் எனக்குத் துணிவு வரவில்லை.

கால் மணித்தியாலம் இருக்கும். ஒரு வான் வண்டி முற்றத்துக்குள் வந்து நின்றது. மலையைச் சுற்றி முடித்துக் கேரூங்குக்கு இறங்கும் வேறொரு குழுவின் வான். தேத்தண்ணிக்காக நிறுத்தினார்கள். அவர்களுடைய ஆட்கள் சிலரை உடம்புக்கு ஏலாமல் முந்திய நாளே இறக்கி அனுப்பிவிட்டதால் பின்வரிசை முழுவதும் காலி. தாவா ஓடிப்போய் அவர்களோடு பேசினான், விசாத் தாள் விஷயத்தில் யார் யாருக்கோ தொலைபேசி எடுத்துச் சண்டை பிடித்தான். தாள் பிறகு, ஆள் முதல் என்று எனக்குக் கையைக் காட்டினான்.

மருந்தை எப்போது கொடுப்பது என்ற தாளை வாங்க நான் அக்காவிடம் போனேன். அவர் தன் பையையும் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். அறுபத்தாறு வயது. இந்த ஒரு யாத்திரைக்காக எத்தனையோ வருஷம் காத்திருந்தவர். நீங்கள் போங்கோ அக்கா, மலையைப் பாருங்கோ என்றேன்.

"உம்மட கையில மருந்தைத் தந்தால் நீரே போட்டுக்கொள்ளுவீர்" என்றார். பிறகு மங்கையின் முக்காட்டைச் சரிசெய்தபடி, "மலை எங்கயும் ஓடாது" என்றார்.

அவருக்குத் தெரிந்திருந்ததா, பகிடிதானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கணவாய் ஏற்றத்தில் மங்கையின் உதடு நீலமானது. அக்கா சிலிண்டரின் திருகைக் கூட்டினார். நேரம் பார்த்து அடுத்த குளிசையைக் கொடுத்தார். நான் மங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்துக்கொண்டே இருந்தேன். அவள் கண்ணை மூடக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார். எனக்குத் தெரிந்த பகிடி எல்லாம் விட்டேன். இருபத்தேழு வருஷமாக அவளுக்குச் சொன்ன அதே பகிடிகள். ஒன்றுக்கும் சிரிப்பில்லை. கணவாய் உச்சியில் கொடிகள் படபடத்தன. அங்கே எல்லாரும் இறங்கிக் கும்பிடுவார்கள். வான்காரர் நிறுத்தவில்லை. பிறகு ரோட்டு கீழே சாய்ந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. காது அடைத்தது, திறந்தது. வெறும் கல்லாக இருந்த இடத்தில் புல் தெரிந்தது. பிறகு ஒரு மரம்.

"தண்ணி தாங்கோ" என்றாள் மங்கை.

அக்கா போத்தலைக் கொடுத்தார். மங்கை நிறுத்தாமல் குடித்தாள். கழுத்து வழியே வழிய வழியக் குடித்தாள். அரை மணித்தியாலத்தில் வாகனத்தை நிறுத்தச் சொன்னாள். முன்னால் இருந்த ஒருவர் முகத்தைச் சுளித்தார். நான் எழும்பி நின்றேன். என் வாழ்க்கையில் ஒருவரை அடிக்கத் தயாராக நின்றது அந்த ஒரு தரம்தான். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

கேரூங்குக்கு வந்து சேர்ந்தபோது மங்கை என் தோளைப் பிடித்துக்கொண்டு தன் காலில் நடந்தாள். அடுத்த நாள் காலை எல்லை தாண்டுவதற்கு முன், என் மேற்சட்டையை மடித்து வைத்தாள். அதன் பையில் இரண்டு குளிசை மட்டைகளும் இருந்தன. நான் வாங்கி வைத்த அவளுடைய மட்டை, விடச் சொன்ன நாளோடு அப்படியே இருந்தது. என்னுடையதில் ஓட்டை ஓட்டையாக இருந்தது. இரண்டையும் கட்டிலில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"போட்டனீங்கள்."

"ஓம்."

அதற்குப் பிறகு அவள் என்னோடு காத்மண்டு ஆஸ்பத்திரியிலும் கதைக்கவில்லை. அங்கே டொக்டர் படங்களை எல்லாம் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு பகல் மேலே வைத்திருந்தால் என்று தொடங்கி, வசனத்தை முடிக்காமல் விட்டார். விமானத்திலும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்தும், சோறு, கறி, சாவி என்ற மூன்று சொல்லோடு ஒரு மாதம் போனது.

ஊர்ச்சனம் கதைத்தது. கதைத்ததுதான் என் கோபத்தின் அந்தக் கால் பங்கு. மலை கூப்பிட்டால்தான் காட்சி கிடைக்குமாம். எங்களைக் கூப்பிடவில்லையாம். முற்பிறப்பு வினையாம். பராசக்தி அக்காவையும் கூப்பிடவில்லையாம். இதைச் சொன்னவர்களில் பாதிப் பேர் பிரஷர் குளிசை போடாமல் பூசைக்கு வராதவர்கள். தலைவரும் திரும்பி வந்து அதையே சொன்னார். ஐயா, செடில் குத்தியவனுக்குப் பின்னால் கயிற்றை இழுத்துப் பிடிக்க ஒரு ஆள் நிற்பது உங்களுக்குத் தெரியாதா? அந்த ஆள் அளவறிந்து பிடிக்காவிட்டால் முதுகுத் தோல் கிழிந்துபோகும். என் மனைவிக்குப் பின்னால் அம்மாள் நிறுத்திய ஆள் பராசக்தி அக்கா. அவர் பிடித்த கயிறு அந்தக் குளிசை.

ஆனி மாதம், கொடியேற்றத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போனோம். கோயில் வீதியில் தெரிந்த பெண் ஒருவர் மங்கையின் கையைப் பிடித்து, பாவம், அவ்வளவு தூரம் போயும் காணக் கிடைக்கவில்லையே, கூப்பிட்டிருக்க வேணும் என்றார். மங்கை கையை மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டவர்தான். கூப்பிட்டு, வாசல்ல வைச்சு என்ர முகத்தைப் பாத்திட்டு, நீ வீட்டை போ பிள்ளை எண்டு வாகனமும் பிடிச்சு, ஆளும் சேத்து அனுப்பினவர். உங்களுக்கு ஆரும் அப்பிடிச் செய்தவையோ?"

அந்தப் பெண் போய்விட்டார். நான் உள்ளே போகத் திரும்பினேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அம்மாளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், அன்றைக்கு அங்கே நின்று கண்டபடி திட்டிவிட்டேன் என்றேன்.

"அவ இருப்பா. அவவிட்டைப் பிறகு கேளுங்கோ. முதல்ல என்னட்டைக் கேளுங்கோ."

அந்த வீதியில், வெய்யிலில், சனம் போய்வந்துகொண்டிருக்க, கேட்டேன். பகிடி இல்லாமல் ஒரு முழு வசனம் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. பஸ்ஸில் சிரித்ததற்குக் கேட்டேன். பொய் சொன்னதற்குக் கேட்டேன். குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு தனியே விழுங்கியதற்குக் கேட்டேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, இதை எழுதுங்கோ என்றாள். நம்பிக்கை, நம்பிக்கை என்று இனிப் போகப்போகிற பெண்களும் தண்ணீரை விட்டுவிட்டுப் போவார்கள், அவர்களுக்காக எழுதுங்கோ என்றாள். இனிமேல் அந்த உயரத்துக்கு ஏறக் கூடாது என்று டொக்டர் அவளுக்குச் சொல்லிவிட்டார். தனக்குக் கிடைக்காததை மற்றவர்கள் ஒழுங்காகப் போய்க் காணட்டும் என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். அம்மாள் என் மன்றாட்டைக் கேட்டாள். நான் அழகாகக் கும்பிட்டுக் கேட்டதை அவள் தரவில்லை. திட்டிக் கேட்டதைத் தந்தாள். அவள் தந்தது ஒரு மருத்துவமாதின் பையில் இருந்தது, ஒரு வானின் பின்வரிசையில் இருந்தது. அதை வாங்கக் கையை நீட்டியது என் நம்பிக்கை என்றால், முன்பு அதைத் தட்டிவிட்டதற்கு என்ன பெயர் வைப்பது? நீங்களே வையுங்கள்.

மலைக்குப் போகிறவர்களே, அம்மாளை நம்பிப் போங்கள். போக முதல் டொக்டரிடம் போங்கள். அவர் தந்ததை அவர் சொன்னபடி போடுங்கள், பெண்களையும் போட விடுங்கள். பஸ்ஸை நிறுத்துங்கள், எத்தனை தரம் வேண்டுமானாலும் நிறுத்துங்கள். இறங்கச் சொன்னால் இறங்குங்கள். இறங்குகிற வழியிலும் அவள் வருவாள். நான் கண்டவன் சொல்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் மங்கையிடம் வாசிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குசினியில் நின்றபடி வாசித்தாள். என் பகிடிகளில் இரண்டைப் பேனையால் வெட்டினாள். மூன்றாவதில் நின்றாள். திரும்பவும் வாசித்தாள். பேனையை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாள்.